லாக்புக்ல கையெழுத்து இருக்கு, பாடம் எங்கே?

1/ "கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ்ல ப்ரொபசருங்க பாடமே எடுக்கறதில்ல"ன்னு அடிக்கடி ஒரு பேச்சு வருது. அதுல பாதி உண்மைதான். ஏன்னு உள்ளே இருந்து சொல்றேன். த்ரெட் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/ காலைல ஓபி. அப்புறம் வார்டு ரவுண்ட்ஸ். அட்மிஷன் டே வந்தா ராத்திரியும் சேர்த்து. நடுவுல எம்பிபிஎஸ் வகுப்பு, பிஜி கேஸ் டிஸ்கஷன், இன்டர்னல் பேப்பர் திருத்தறது. இதுல எனக்குக் குறையே இல்லை. இதுக்குத்தானே வந்தோம்!

3/ இதுக்கு மேல காப்பீட்டுத் திட்டப் படிவங்கள், மாதாந்திரப் புள்ளிவிவரம், கமிட்டி மினிட்ஸ், இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல். இதுல எதுக்கும் எம்.டி படிச்சிருக்கத் தேவையில்லை. ஆனா செய்யறது எம்.டி படிச்சவங்கதான்.

4/ 2019ல திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்துச்சு. நல்ல திட்டம். மாணவர் செஞ்சு காட்டணும், ஆசிரியர் பக்கத்துல நின்னு பாத்து லாக்புக்ல கையெழுத்து போடணும். 150 பேர் இருக்கற பேட்ச்ல பக்கத்துல நிக்க நேரம் எங்க இருக்கு? கையெழுத்து மட்டும் நடக்குது.

5/ 2022 ஜனவரில தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 11 புது மெடிக்கல் காலேஜ், 1,450 சீட். வேணாம்னு சொல்லவே மாட்டேன். ஆனா கட்டடம் எழுப்பற வேகத்துல ஆசிரியரை உருவாக்க முடியாது.

6/ என் கதையையே சொல்றேன். "சார், இந்த மர்மர் எனக்குக் கேக்கல"ன்னு ஒரு பையன் நின்னான். அதே நேரம் ஆபீஸ்லேர்ந்து போன், ஸ்டேட்மென்ட் உடனே வேணுமாம். "நாளைக்குக் காட்டறேன்பா"ன்னு போயிட்டேன். மறுநாள் நோயாளி டிஸ்சார்ஜ். மாசக் கடைசில அந்தப் பையன் லாக்புக்ல நான் கையெழுத்து போட்டேன். தப்பு என்னோடதுதான், மறுக்கல.

7/ "சில டாக்டர்கள் மத்தியானமே சொந்த கிளினிக் போயிடறாங்களே?" ஆமா, போறாங்க. தண்டிக்கணும். அதுக்குத்தான் 2025 மே முதல் முகத்தைக் காட்டி வருகைப்பதிவு. ஆனா அந்தக் கேமரா நான் கேம்பஸ்ல இருந்தேனான்னுதான் பாக்கும். நோயாளி பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுத்தேனா, ஃபைலோட உட்கார்ந்திருந்தேனான்னு அதுக்குத் தெரியாது.

8/ கேக்கறது மூணுதான். ஒவ்வொரு துறைக்கும் கணினி தெரிஞ்ச ஒரு எழுத்தர். பெட்சைடு வகுப்பு நேரத்துல ஆபீஸ் போன் வரக் கூடாது. ப்ரமோஷனுக்கு ஆராய்ச்சிக் கட்டுரையை எண்ணறீங்கல்ல, கற்பித்தலையும் எண்ணுங்க.

9/ இது டாக்டருங்க சம்பளப் பிரச்சினை இல்லைங்க. மர்மர் கேக்கத் தெரியாத அந்தப் பையன் நாளைக்கு உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல உட்காருவான். அங்க உங்க அம்மா மூச்சு வாங்குதுன்னு போய் நிப்பாங்க.