ஹிட் எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்கள்!

இன்டர்நெட்டில் சொந்தமாக ஒரு வெப்சைட் திறப்பது இன்று பெரிய காரியமில்லை. திறந்தவுடன் எல்லோருக்கும் எழும் முதல் கேள்வி, "நம் தளத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள்?" என்பதுதான். இதற்குப் பதில் தரும் புரோகிராம்கள் பல உள்ளன. ஆனால் அவை காட்டும் எண்களில் மிகப் பெரியதையே பலரும் பிடித்துக்கொள்கிறார்கள். இது சரியல்ல என்பது என் கருத்து.

உங்கள் தளம் உள்ள சர்வர், தன்னிடம் வரும் ஒவ்வொரு வேண்டுகோளையும் ஒரு வரியாக டெக்ஸ்ட் பைலில் எழுதி வைக்கும். இதுவே லாக் பைல். கேட்ட கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரி, தேதி, நேரம், கேட்ட பைல், கிடைத்த பதிலின் எண் ஆகியவை அதில் இருக்கும். இந்த வரிகளை எண்ணிப் பட்டியலிட 1995ல் அனலாக், 1997ல் வெபலைசர், 2000ல் ஏ.டபிள்யூ.ஸ்டாட்ஸ் ஆகியவை வந்தன. மூன்றும் இலவசம். வெப்சைட்டுக்கு இடம் வாடகைக்குத் தரும் பல நிறுவனங்களின் கண்ட்ரோல் பேனலில் ஏ.டபிள்யூ.ஸ்டாட்ஸ் தயாராகவே இருக்கும்.

இனி எண்களுக்கு வருவோம். ஹிட் என்பது ஆளைக் குறிப்பதல்ல. சர்வரிடம் கேட்கப்பட்ட பைலைக் குறிப்பது. ஒரு பக்கத்தில் 18 படங்களும் ஒரு ஸ்டைல் பைலும் இருந்தால், அதை ஒருவர் முதல் முறை திறந்ததும் 20 ஹிட் ஆகிவிடும். 50 பேர் திறந்தால் 1,000 ஹிட்! "எங்கள் தளத்திற்கு மாதம் லட்சம் ஹிட்" என்று சொல்லி சிறு கடைக்காரர்களிடம் விளம்பரம் கேட்பவர்கள் உண்டு. அப்படி யாராவது வந்தால், "விசிட் எத்தனை?" என்று திருப்பிக் கேளுங்கள். பணம் உங்களுடையது.

விசிட் எண்ணும் துல்லியமானதல்ல. ஒருவர் சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டுத் திரும்பி வந்தால், வெபலைசர் 30 நிமிட இடைவெளியை வைத்துப் புதிய விசிட் என்று கணக்கிடும். ஏ.டபிள்யூ.ஸ்டாட்ஸ் ஒரு மணி நேரம் பொறுக்கும். ஆகவே ஒரே லாக் பைலுக்கு இரண்டும் வேறு வேறு எண்களைத் தரலாம். ஒரே இணைப்பைப் பயன்படுத்தும் கல்லூரி லேப் முழுவதும் ஓர் ஐ.பி. முகவரியில் வந்தால் ஒருவராகத் தெரியும். வீட்டிலும் அலுவலகத்திலும் மொபைலிலும் பார்க்கும் ஒருவர் மூவராகத் தெரிவார். தேடுதளங்கள் அனுப்பும் ரோபோ புரோகிராம்களும் லாக்கில் பதிவாகும். தெரிந்த ரோபோக்களை ஏ.டபிள்யூ.ஸ்டாட்ஸ் தனியே பிரித்துக் காட்டும். பிரவுசர் போல வேடமிட்டு வருபவை மனிதர்களின் கணக்கில் சேர்ந்துவிடும்.

"கூகுள் அனலிடிக்ஸ் இருக்க இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம். 2005ல் வந்த அந்தச் சேவை, பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட் வைத்து எண்ணுகிறது. பல ரோபோக்கள் ஸ்கிரிப்டை இயக்குவதில்லை என்பதால் அந்த வகையில் அதன் கணக்கு சுத்தமானதுதான். ஆனால் உங்கள் தளத்திற்கு வருபவர்களின் விவரம் மூன்றாவது இடத்திற்குப் போகிறது. அதன் பழைய பதிப்பு 2023 ஜூலையில் புதிய தகவல் சேர்ப்பதை நிறுத்தியது. லாக் பைலோ உங்கள் சர்வரிலேயே இருப்பது. வீட்டிலிருந்து சிறு தளம் நடத்துபவருக்கு இதுவே போதும் என்பேன். மாதம் ஒரு முறை அதை டவுன்லோட் செய்து வையுங்கள்; பழைய லாக்குகளைச் சர்வர்கள் அழித்துவிடுவது வழக்கம்.

நான் முதலில் பார்ப்பது 404 பட்டியலைத்தான். தேடி வந்தவருக்குக் கிடைக்காத பக்கங்கள் அதில் இருக்கும். உடைந்த லிங்க்குகளை அன்றே சரி செய்யலாம். அடுத்து, எந்தப் பக்கம் அதிகம் படிக்கப்படுகிறது, எந்தத் தளத்திலிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். தேடிய சொற்கள் பகுதி காலியாக இருந்தால் கவலைப்படாதீர்கள். 2011 முதல் கூகுள் அவற்றைப் படிப்படியாக மறைத்துவிட்டது.

ஒரு மாத எண்ணைத் தனியே பார்த்துப் பூரிக்கவோ சோர்ந்து போகவோ வேண்டாம். அதே புரோகிராமில் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுதான் நம்பக்கூடிய செய்தி. ஆயிரம் ஹிட்டைவிட, ஐம்பது பேர் வந்து படித்தார்கள் என்று தெரிவதே உங்களை அடுத்த பக்கம் எழுத வைக்கும்.