நோன்புக்கு ஹார்மோன் சான்றிதழ் எதற்கு?

ரமலான் பிறை தென்பட்ட மறுநாளே நம் பத்திரிகைகளின் இணைப்பிதழ்களில் ஒரு கட்டுரை தவறாமல் முளைத்துவிடுகிறது. எழுதுபவர் பெயர் மாறும், சரக்கு மாறுவதில்லை. நோன்பு வளர்ச்சி ஹார்மோனைப் பன்மடங்காகப் பெருக்குகிறது, மனச்சோர்வை விரட்டுகிறது, மூளையைக் கழுவித் துடைத்து வைக்கிறது, இதைக் கண்டறிந்த ஜப்பானியருக்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள் என்றெல்லாம் அது நீளும். எழுதுவோரின் பக்தியை நாம் ஐயுறவில்லை. ஆனால் இக்கட்டுரைகள் அறிவியலுக்கும் நியாயம் செய்வதில்லை, நோன்புக்கும் நியாயம் செய்வதில்லை. இவற்றால் துன்பப்படுவோர் சிலர் இருக்கிறார்கள் என்பது எழுதுவோருக்குத் தெரிந்திருப்பதாகவும் தோன்றவில்லை. ஆகவேதான் இந்த எதிர்வினை.

முதலில் அந்த நோபல் பரிசு. 2016ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான பரிசைப் பெற்ற யோஷினோரி ஓசுமி ஆராய்ந்தது ரொட்டியைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டை. ஊட்டம் மறுக்கப்பட்ட ஈஸ்ட் செல்கள் தம் உட்பொருள்களைத் தாமே சிதைத்து மறுபயன் கொள்ளும் முறையையும், அதை இயக்கும் மரபணுக்களையும் அவர் கண்டறிந்தார். மகத்தான பணி, ஆனால் ரமலான் நோன்பாளி ஒருவரும் அதில் இல்லை. வளர்ச்சி ஹார்மோன் கதையும் இத்தகையதே. அதற்கு ஆதாரமாகச் சுட்டப்படும் 1988ஆம் ஆண்டு ஆய்வு, தொடர்ச்சியாக ஐந்து நாள் உணவின்றி இருந்த ஆறு ஆண்களைப் பற்றியது. சூரியன் மறைந்ததும் பேரீச்சம்பழத்தைக் கடித்துக் கஞ்சிக் கிண்ணத்தைக் கையிலெடுக்கும் ஒருவருக்கு அந்தக் கணக்கை அப்படியே ஒட்டவைப்பது எவ்விதத்தில் முறை?

ரமலானில் ஹார்மோன்கள் மாறுவதே இல்லையா என்றால், மாறுகின்றன. ஆனால் மாற்றத்தின் வேர் பசியில் மட்டும் இல்லை. இரவு பகலாவதில் இருக்கிறது. கார்ட்டிசால் விடியலில் உச்சம் தொட்டு இரவில் தாழும் இயல்புடையது. மெலட்டோனின் இருள் கவிந்தபின் சுரந்து உறக்கத்துக்கு வழிகோலுவது. நோன்பு மாதத்தில் உணவு இரவுக்குப் போகிறது. தராவீஹ் தொழுகை, விருந்து, உரையாடல் என விழிப்பு நீள்கிறது. சஹருக்காக மீண்டும் எழ வேண்டியிருக்கிறது. 2001இல் பொக்தான், தூயித்து முதலியோர் வெளியிட்ட ஆய்வில், நோன்பிருந்தவர்களின் இரவு மெலட்டோனின் உச்சம் தாழ்ந்தும் தாமதித்தும் காணப்பட்டது. கார்ட்டிசாலின் ஒழுங்கும் இடம்பெயர்ந்திருந்தது. பசியடக்கும் லெப்டினின் கடிகாரமும் சில மணி நேரம் பிந்துகிறது என்று 2005இல் அக்குழுவினரே காட்டினர். உடல், உணவு வேளையையும் ஒரு மணியோசையாகக் கேட்கிறது என்பதே இவற்றின் சாரம். இதில் வெற்றி முழக்கத்துக்கும் இடமில்லை, ஒப்பாரிக்கும் இடமில்லை.

(இவ்வகைச் சோதனைகளில் பெரும்பாலும் இளம் ஆண்களே இடம்பெறுகிறார்கள் என்பதைப் போகிறபோக்கில் குறித்துவைப்போம். சஹருக்கு எல்லோருக்கும் முன்பாக எழுந்து அடுப்பு மூட்டி, எல்லோருக்கும் பின்பாகப் பாத்திரம் கழுவிப் படுக்கப்போகும் பெண்ணின் கார்ட்டிசாலை அளக்க யாருக்குத் தோன்றியது?)

மனநலம் பற்றிப் பேச வேண்டுமானால் மொராக்கோவுக்குத்தான் போக வேண்டும். அங்கே மக்கள் பேச்சில் 'த்ரம்தீனா' என்றொரு சொல் உண்டு. ரமலான் பகலில் சிகரெட்டும் காப்பியும் இன்றி, உறக்கமும் போதாமல், சிறு உரசலுக்கும் சீறிவிழும் மனநிலைக்குச் சாமானியர் இட்ட பெயர் அது. கடைத்தெருவில் இருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டால், பார்ப்பவர்கள் அச்சொல்லைச் சொல்லிச் சிரித்து விலக்கிவிடுவார்கள். நோன்பைக் கைவிடாத ஒரு சமூகம் தன் எரிச்சலுக்குப் பெயர் சூட்டி வைத்திருக்கும் நேர்மை நம் கட்டுரையாளர்களுக்கு ஏன் வாய்க்கவில்லை?

காசாபிளாங்காவின் இப்னு ருஷ்து மனநல மையத்தைச் சேர்ந்த நாதியா காத்ரி குழுவினர் இந்த எரிச்சலை ஆராயத் துணிந்தனர். 1994, 1995 ஆகிய ஈராண்டுகளின் ரமலானில் ஆரோக்கியமான 100 பேரைத் தொடர்ந்து கவனித்தனர். புகைப்போரிடம் எரிச்சல் கூடுதலாக இருந்தது, புகைக்காதவரிடமும் கூடியது, நாள் செல்லச் செல்ல வளர்ந்து மாதக் கடைசியில் உச்சம் தொட்டது. காப்பி, தேநீர் அருந்துவதும் பதற்றமும் அதே வரைகோட்டில் ஏறின. அவ்விரு ரமலான்களும் பிப்ரவரியில் வந்தவை. பகல் குறுகிய காலம். கோடையின் நெடும்பசியைக் காரணம் காட்டவும் வழியில்லை.

அதே மையத்திலிருந்து 2000இல் வெளிவந்த இன்னொரு ஆய்வே நம்மை இதை எழுதத் தூண்டியது. இருமுனையப் பிறழ்வு நோய்க்கு லித்தியம் உண்டுவந்த 20 பேரை ரமலான் முழுதும் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 45 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது, பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில், பெரும்பாலும் களிவெறியாக. இரத்தத்தில் லித்தியத்தின் அளவு இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. உறக்கமும் உணவும் உறவாடலும் கொண்ட அன்றாடத் தாளம் குலைந்ததையே அவர்கள் ஐயுற்றனர். இதற்கு நேர்மாறாக, பாகிஸ்தானில் 62 நோயாளிகளைக் கவனித்து 2010இல் வெளியான ஆய்வு, லித்தியத்தின் அளவு மாறவில்லை என்றும் நோய்க்குறிகள் தணிந்தன என்றும் சொல்கிறது. இதையும் மறைக்காமல் சொல்வதுதான் முறை. இரண்டுமே சிறிய ஆய்வுகள். எனினும் ஒரு நகரத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் வீழ்ந்திருக்க, 'நோன்பு மனநோயைத் தீர்க்கும்' என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகும் துணிச்சல் நமக்கில்லை. லித்தியம் சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் மருந்து. உடலில் நீர் வற்றினால் அது தேங்கி நஞ்சாகக்கூடும். கட்டுரையை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு நோன்பு பிடிப்பவரையோ, மாத்திரையை விழுங்கிவிட்டுப் பகல் முழுதும் நீரின்றி இருப்பவரையோ கட்டுரையாளர் சென்று பார்க்கப் போவதில்லை.

மறுபக்கத்து அன்பர்களுக்கும் ஒரு சொல். நோன்பு மனத்தைச் சிதைக்கும் என்று வாதிட 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினிச் சோதனையை அவர்கள் இழுத்துவருகிறார்கள். 36 இளைஞர்கள் ஆறு மாதம் அரைவயிற்று உணவில் வைக்கப்பட்டார்கள்; சோர்ந்தார்கள், உணவையே கனவு கண்டார்கள். உண்மைதான். ஆனால் இரவுதோறும் உண்ணும் நோன்பாளிக்கும் அதற்கும் என்ன உறவு? சிலர் ரமலானில் எடை கூடிவிடுவதையும் நாம் பார்க்கத்தானே செய்கிறோம்.

இனி நோன்பின் தரப்பிலிருந்தே பார்ப்போம். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 183ஆம் வசனம் நோன்பின் நோக்கமாக இறையச்சத்தைக் கூறுகிறது, உடல்நலத்தை அன்று. அடுத்த இரு வசனங்களும் நோயாளிக்கும் பயணிக்கும் விலக்களிக்கின்றன. நோன்பிருந்தால் ஆரோக்கியம் கிட்டும் என்று நபிமொழியாக உலவும் வாசகம், ஹதீஸ் அறிஞர்களால் பலவீனமானதென ஒதுக்கப்பட்டது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி நோன்பை மூன்று படிகளாகப் பிரித்தார்: வயிற்றின் நோன்பு, புலன்களின் நோன்பு, உள்ளத்தின் நோன்பு. பகலில் விட்டதை இரவில் சேர்த்து உண்போரை அவர் கடிந்துகொண்டார். அந்தப் படிகள் எதிலும் சுரப்பிகள் இல்லை. ஹார்மோன் பெருகுமென்றுதான் நோன்பு என்றால், நாளை வேறோர் ஆய்வு மாறாகச் சொல்லும்போது நோன்பைக் கைவிடுவார்களா? மாட்டார்கள். பிறகு ஏன் அந்தச் சான்றிதழுக்கு இத்தனை ஆலாய்ப் பறத்தல்?

விலக்கு ஏட்டில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதுதான் கடினம். 'எனக்குச் சர்க்கரை' என்று சொல்லிவிட்டு ஒருவர் பகலில் தண்ணீர் குடிக்கலாம். யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். 'எனக்கு மனநோய்' என்று அப்படிச் சொல்ல முடிகிறதா? மொராக்கோவின் தண்டனைச் சட்டம் 222ஆம் பிரிவு, தக்க காரணமின்றிப் பொதுவிடத்தில் நோன்பை முறிக்கும் முஸ்லிமுக்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை விதிக்கிறது. நோய் தக்க காரணந்தான். ஆனால் முகத்தில் தெரியாத நோயை வீதியில் யாருக்கு விளக்குவது? சட்டமில்லாத நம்மூரிலும் மாமியின் பார்வையும் பக்கத்து வீட்டு விசாரணையும் அந்த வேலையைச் செய்கின்றன. இத்தகைய ஒருவரின் கையில் 'நோன்பு மனத்தைக் குணமாக்கும்' என்ற கட்டுரையைக் கொடுத்தால், விலக்கைப் பெற்றதற்கே அவர் குற்றவாளியாகிறார்: நோன்பிருந்திருந்தால் நோயே போயிருக்குமே என்று.

அடுத்த ரமலான் இணைப்பிதழுக்கு இப்போதே தயாராகும் ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது அதிகமில்லை. ஓசுமியின் படத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், லித்தியமோ வேறு மனநல மருந்தோ உண்பவர்கள் பிறைக்குச் சில வாரங்கள் முன்பே தம் மருத்துவரைப் பார்க்கவேண்டும், அளவையும் வேளையையும் தாமாக மாற்றக்கூடாது, இருக்கவேண்டாம் என்று அவர் சொன்னால் அந்தச் சொல்லை மார்க்கமும் ஏற்கிறது என்று நான்கு வரி அச்சிடுங்கள். பெரிய எழுத்தில்.