வெறும் தலைவலி அல்ல

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஸ்னோமாஸ் மலைச்சரிவுகளில், உடல் முடங்கிய முன்னாள் படைவீரர்களுக்கான குளிர்கால விளையாட்டு முகாம் நடக்கிறது. 1987-இல் தொடங்கியது அது. தண்டுவடம் அடிபட்டவர்களும் மூளைக்காயம் பட்டவர்களும் உட்கார்ந்தபடியே பனியில் சறுக்கி வருகிறார்கள். ஊரின் உயரம் சுமார் 2,500 மீட்டர். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் சமவெளியில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். நம் லே நகரமோ அதைவிட ஆயிரம் மீட்டர் மேலே. 2021-இல் மாற்றுத்திறனாளிகள் குழு ஒன்று சியாச்சினில் 15,000 அடியையும் தாண்டி ஏறியது. இவர்களால் உயரமான மலைகளுக்குப் போக முடியுமா என்ற கேள்விக்கு இனி இடமில்லை. அழைத்துப் போகிறவர்களுக்கு, உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வரும் மலைநோய் பற்றிய விவரம் தெரியுமா என்பதே நம் கவலை.

தலைவலி, குமட்டல், களைப்பு, தலைசுற்றல் ஆகிய நான்குக்கும் மதிப்பெண் போட்டு, தலைவலியோடு கூட்டுத்தொகை 3-ஐத் தொட்டால் மலைநோய் என்பது மருத்துவர்கள் கைக்கொள்ளும் லேக் லூயிஸ் முறை. தலையில் அடிபட்டு ஆண்டுகள் கழிந்தும் தலைவலியும் களைப்பும் விடாதவருக்கு, வீட்டுத் திண்ணையில் இருக்கும்போதே இந்த எண் வந்துவிடும். ‘எனக்கு எப்போதும் இருப்பதுதானே’ என்று அவரே மலையில் ஒதுக்கிவிட்டால், மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

தண்டுவடக் காயம் இன்னும் சிக்கலானது. கழுத்திலோ மேல்முதுகிலோ அடிபட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினால் உணர்வு தெரியாது. மாறாக இரத்த அழுத்தம் சட்டென்று எகிறும், மண்டை பிளக்கும். மலைநோய் வராமலிருக்கத் தரும் அசெட்டசோலமைட் மாத்திரையோ சிறுநீரைப் பெருக்குவது. வழக்கமாக நான்கு மணிக்கொரு முறை குழாய் செருகிச் சிறுநீர் எடுப்பவருக்கு அந்தக் கணக்கு அங்கே செல்லாது. தொடைக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் ஒரு யூரின் டியூபை யாரும் குனிந்து பார்க்காமல், மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று படுக்கவைத்து விட்டால் பக்கவாதம் வரை போகும். அவரை நிமிர்த்தி உட்காரவைப்பதும் டியூபைச் சரிபார்ப்பதுமே முதல் வேலை. 

ஆகவே, புறப்படுவதற்கு முன் சமவெளியிலேயே ஒரு வாரம் ஒவ்வொரு வீரரின் அறிகுறிகளையும் இரத்த அழுத்தத்தையும் குறித்து வைக்க வேண்டும். மாத்திரை எழுதும் மருத்துவர் சிறுநீர் எடுக்கும் நேரத்தையும் மாற்றி எழுத வேண்டும். தண்டுவடக் காயம் பற்றித் தெரிந்த ஒருவர் முகாமில் இரவும் இருக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, அனுப்பாமலே விடலாமே என்பார்கள். அதை நாம் ஏற்கவில்லை. மலைநோய் திடகாத்திரமானவரையும் சாய்க்கிறது. அதற்காக ராணுவம் யாரையும் வீட்டில் உட்காரவைப்பதில்லை. லேயில் இறங்கும் ஜவானுக்கு உடல் பழக ஆறு நாள் கொடுக்கிறது. சக்கர நாற்காலியில் வந்திறங்கும் வீரருக்கும் அந்த நாட்களை ஒதுக்கிவிட்டே முகாம் அட்டவணை போடப்பட வேண்டும்.