தாழைக்கோழிக்கு வேட்டைப் பருவமா?

புது தில்லி: கேரளத்தின் திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் உள்ள கோள் நிலங்களில் நெல் பயிரிடுவோருக்கு நீலத் தாழைக்கோழியின் மீது கோபம் உண்டு. இளம் பயிரின் தண்டை அது கடித்துத் தின்கிறது. இந்தக் கோபம் நியாயமானதே. ஆனால், இத்தகைய சேதங்கள் பேசப்படும் போதெல்லாம், ஆண்டில் சில மாதங்கள் வேட்டைக்கு அனுமதித்தால் என்ன என்று எழும் யோசனையை ஏற்பதற்கில்லை.

முதல் காரணம், காலம். கோள் நிலங்கள் கடல் மட்டத்துக்குக் கீழே உள்ளவை. மழைக்காலத்துக்குப் பிறகு நீரை இறைத்த பின்னரே அங்கு சாகுபடி தொடங்கும். வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகள் அங்கு கூடுவதும் அதே மாதங்களில்தான். பயிரைக் காக்க வெடிக்கும் துப்பாக்கி, ராம்சர் பட்டியலில் 2002-இல் இடம்பெற்ற ஈரநிலத்தின் விருந்தாளிகளையும் சேர்த்தே விரட்டும்.

வேட்டைக்கு அளவு விதித்தால் போதாதா என்று கேட்கலாம். பரத்பூரில் 1938 நவம்பர் 12 அன்று, வைசிராய் லின்லித்கோ பங்கேற்ற வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன. அந்தக் கணக்கு அங்கே கல்வெட்டிலேயே இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்த பிறகும் உரிம வேட்டைக்கு இடமிருந்தது. 1991-இல் செய்யப்பட்ட திருத்தமே அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இன்று கவலை தருவது வேறு வாசல். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இரண்டாம் அட்டவணையில் உள்ள எந்த உயிரினத்தையும் குறிப்பிட்ட பகுதிக்கும் காலத்துக்கும் தீங்குயிரியாக மத்திய அரசு அறிவிக்க முடியும். அவ்வாறு அறிவித்தால் அதற்குரிய சட்டப் பாதுகாப்பு அகன்றுவிடும். பிகாரில் நீல்காய்க்கு இப்படி அறிவிக்கை வந்தபின், 2016-இல் மொகாமாவில் 200-க்கும் மேற்பட்டவை சுடப்பட்டன. அதைக் கண்டித்தவர் அன்றைய மத்திய அமைச்சர் மேனகா காந்தியே. இத்தனைக்கும், பயிருக்கு ஆபத்தான குறிப்பிட்ட விலங்கைச் சுட அனுமதிக்கும் அதிகாரம், 11-ஆவது பிரிவின்கீழ் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு ஏற்கெனவே உள்ளது.

ஒடிசாவில் சிலிகா ஏரியை ஒட்டிய மங்களாஜோடி, ஒருகாலத்தில் பறவை வேட்டைக்குப் பெயர்போன ஊர். அங்கு வேட்டையாடியவர்களே 2000-இல் குழு அமைத்துக் காவலர்களாயினர். இன்று படகோட்டியும் வழிகாட்டியும் பிழைக்கின்றனர். ஆனால், சுற்றுலா எல்லா வயலுக்கும் விடையல்ல. காட்டு விலங்குகளால் நேரும் சேதத்தைப் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. தாழைக்கோழி தின்ற பயிருக்கும் அந்த இழப்பீடு கிடைக்க, அடுத்த சாகுபடிக்கு முன்பே கேரள அரசு தில்லியை வற்புறுத்த வேண்டும்.