வாவிக் கரையின் கண்டல் நிலம்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கரையோரக் கண்டல் வேர்களுக்கிடையில்தான் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. அத்தாங்கோடு இடுப்பளவு நீரில் இறங்குவோரின் அன்றாடப் பிழைப்பு அந்த வேர்களை நம்பியது. அந்தக் கண்டலை வெறும் பற்றைக்காடென்று சொல்லி மண் கொட்டி நிரப்பி, விடுதியோ இறால் பண்ணையோ அமைப்பது இலாபமாகத் தோன்றலாம். புத்தளத்திலும் அப்படித்தான் தோன்றியது. கண்டலை அழித்து வெட்டிய இறால் குளங்களில் 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது. பிற்பாடு பல குளங்கள் கைவிடப்பட்டன. மரம் போனது, இறாலும் போனது. நாட்டின் கண்டல்காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டம் 2015இல் அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு இங்கே செயலாக வேண்டுமானால், வாவியின் ஒதுக்கு நிலத்தை அளந்து எல்லைக்கல் நாட்டி, வரைபடத்தைப் பிரதேச செயலகங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கும்வரை அங்கே எந்தக் கட்டுமானத்துக்கும் அனுமதி வழங்கக் கூடாது.