குழாய்த் தண்ணீரில் மின்சாரம்: தாம்பரத்துக்குச் சரிப்படுமா?

தண்ணீரை மேலே ஏற்றுவதற்குத்தான் பம்ப். அதையே தலைகீழாக வேலை வாங்கினால்? தண்ணீர் வெளியேறும் வாய் வழியாக அழுத்தத்தோடு தண்ணீரை உள்ளே விட்டால், சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். அதோடு இணைந்த மோட்டார், மின்சாரம் தரும் ஜெனரேட்டராகிவிடும்! தனியாக டர்பைன் செய்வதைவிட இது மலிவு. கோயம்புத்தூர் பம்ப்புகளுக்குப் பேர்போன ஊர் என்பதால் உதிரி பாகங்களுக்கும் பஞ்சமில்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கே பொருத்துவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மலை ஊர்களில் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தம் குழாயையே உடைத்துவிடும். அதனால் வழியில் வால்வு வைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். அந்த ஆற்றல் வீணாகப் போகிறது. அங்கே வால்வுக்குப் பதில் இந்தப் பம்ப்பை வைத்தால் லாபம்.

தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் பக்கம் கதையே வேறு. இங்கே பச்சைமலை, பல்லாவரம் மலை என்று சில குன்றுகள் தவிர எல்லாம் சமதளம். பல வீடுகளில் தெருக்குழாய்த் தண்ணீர் சம்ப்பில் விழுகிறது. பிறகு வீட்டு மோட்டார் அதை மாடிக்கு ஏற்றுகிறது. அழுத்தம் மிச்சமிருந்தால் மோட்டார் எதற்கு?

2004-ல் வந்த புதிய வீராணம் திட்டத்தைப் பாருங்கள். வடக்குத்தில் சுத்திகரித்த தண்ணீரைக் கடம்புலியூர்த் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். அங்கிருந்து போரூர் வரை சுமார் 200 கி.மீ. தானாகவே ஓடி வருகிறது. தொட்டியின் உயரத்தில் பெரும்பகுதி அந்த நீண்ட குழாயின் உராய்வுக்கே போய்விடும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு ஒரு கோடி லிட்டர் சீராக ஓடும் குழாயில் 10 மீட்டர் உயர அழுத்தம் மிச்சம் என்று வையுங்கள். 60 சதவீதத் திறனில் கிடைப்பது ஏறத்தாழ 7 கிலோவாட்! அதுவும் இரவு பகல் நிற்காமல் ஓடினால்தான். இந்தப் பம்ப்புக்கு ஓட்டத்துக்குத் தக்கபடி திருப்பும் தகடுகள் கிடையாது. ஓட்டம் குறைந்தால் திறன் சட்டென்று விழும். குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் தண்ணீர் விடும் தெருவுக்கு இது ஒத்துவராது.

மின்சாரம் குறைவு என்பது மட்டுமல்ல பிரச்சினை. மிச்சமில்லாத அழுத்தத்தை டர்பைன் எடுத்துக்கொண்டால், தெருவின் கடைசி வீட்டுக்குத் தண்ணீரே எட்டாது. அவர்கள் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டும். "பசுமை மின்சாரம்" என்ற பெயரில் ஏழை வீட்டுக் குழாயைக் காயவிடுவது என்ன நியாயம்?

அப்படியானால் தென்சென்னையில் இந்த யோசனைக்கு இடமே இல்லையா? இருக்கிறது, நெம்மேலிப் பக்கம். அங்கே 2013-ல் ஒரு நாளுக்கு 10 கோடி லிட்டர் ஆலையும், 2024-ல் 15 கோடி லிட்டர் ஆலையும் திறக்கப்பட்டன. சவ்வு வழியாகக் கடல்நீரை வடிகட்ட சுமார் 60 பார் அழுத்தம் வேண்டும். அதாவது 600 மீட்டர் உயரத்துக்குச் சமம்! மிஞ்சி வெளியேறும் உப்புநீரிலும் அந்த அழுத்தம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பழைய தலைமுறை ஆலைகள் பலவற்றில் இந்த ஆற்றலை மீட்டது தலைகீழ்ப் பம்ப்பும் பெல்டன் சக்கரமும்தான். இப்போது அழுத்தத்தை நேராகக் கடல்நீருக்கே மாற்றும் கருவிகள் வந்துவிட்டன. அவை இன்னும் திறமையானவை.

ஆக, 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சி செய்ய வேண்டியது என்ன? பெரிய குழாய்கள் நீர்த்தேக்கத் தொட்டிகளில் விழும் இடங்களில் அழுத்தமானி வைத்து ஒரு வருடம் அளக்கட்டும். மிச்சம் உண்மையாக இருந்தால், பக்கவழிக் குழாயோடு ஒரு பம்ப்பைப் பொருத்திப் பார்க்கட்டும். தெருக்குழாய்களைத் தொட வேண்டாம். அங்கே கசிவை அடைப்பதும், பழைய பம்ப்புகளை மாற்றுவதும் டர்பைனைவிட அதிக மின்சாரத்தை மிச்சப்படுத்தும்.