"தகுதியானவர் கிடைக்கவில்லை" என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் மாவட்டத்தில் அண்மையில் நடந்த மாற்றுத்திறனாளிகள் வேலைவாய்ப்பு முகாமுக்கு, ஆட்டிசம் உள்ள ஒரு பி.காம். பட்டதாரிக்குத் துணையாகப் போயிருந்தேன். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்த மண்டபத்தில், போன மேசையிலெல்லாம் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். அந்தத் தம்பி தலையைக் குனிந்தபடி யோசித்துக்கொண்டிருக்கும்போதே "பேச்சுத்திறன் போதாது" என்று சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கணக்கு எழுத ஆள் எடுக்க வந்தவர்கள், ஒரு கணக்கைக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. இதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

நான் தணிக்கை அலுவலகம் நடத்துபவள். அந்தத் தம்பி எங்களிடம்தான் பயிற்சி பெற்றார். வாடிக்கையாளரின் கொள்முதல் பதிவேட்டை விற்றவர்கள் பதிவு செய்த பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி. தளத்தின் 2பி அறிக்கையோடு ஒப்பிடுவது அவர் பொறுப்பு. தொகை சரியாக இருந்தால் மற்றவர்கள் டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவர் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணையும் பில் எண்ணையும் எழுத்தெழுத்தாகப் பார்ப்பார். ஒரே பில் இரண்டு மாதக் கணக்கிலும் ஏறியிருந்ததை அவர்தான் பிடித்தார். எண்ணின் நடுவே ஒரு சாய்கோடு இருப்பதும் இல்லாததும்தான் வித்தியாசம். கண்ணில் படாமல் போயிருந்தால், உள்ளீட்டு வரி வரவை இரண்டு முறை எடுத்ததற்காக அந்த வியாபாரி வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டி வந்திருக்கும். தவறு யாருடையதானாலும் முகத்துக்கு நேரே சொல்வார், என்னுடையதையும் சேர்த்து. எங்கள் தொழிலுக்கு இதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தெரியவில்லை.

அவருக்காக நாங்கள் பெரிதாக எதுவும் செலவழிக்கவில்லை. மினுக்கிக்கொண்டிருந்த டியூப்லைட்டை மாற்றினோம். வேலையை வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுத்தோம். பாதியில் வேறு வேலையைத் திணிப்பதை நிறுத்தினோம். (எழுதிக் கொடுக்கும் பழக்கம் வந்த பிறகு மற்ற ஊழியர்களின் பிழைகளும் குறைந்தன.)

ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லாரும் சினிமாவில் வருவதுபோலக் கணக்கு மேதைகள் என்று நான் சொல்லவில்லை. அப்படி எதிர்பார்ப்பதும் அவர்களுக்குச் செய்யும் அநீதிதான். ஒவ்வொருவர் திறமையும் ஒவ்வொரு விதம். ஆட்டிசம் உள்ள அமெரிக்கர் டெம்பிள் கிராண்டின், மாடுகள் ஓட்டிச் செல்லப்படும் பாதையில் மிரண்டு நிற்பதற்குத் தரையில் விழும் நிழலும் தொங்கும் சங்கிலியும் காரணம் என்று கண்டு, பண்ணைகளின் அமைப்பையே மாற்றியவர். டென்மார்க்கில் 2004இல் தோர்கில் சோன் என்பவர், தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு, ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் 'ஸ்பெஷலிஸ்டர்னே' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். விண்ணப்பிப்பவர்களிடம் லெகோ பாகங்களைக் கொடுத்து, ரோபோ செய்யவிட்டு, அவர்கள் வேலை செய்யும் விதத்தை அங்கே கவனித்தார்கள். மென்பொருள் நிறுவனமான எஸ்.ஏ.பி. 2013இல் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கத் தனித் திட்டமே அறிவித்தது.

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டை ஒதுக்குகிறது. அதில் ஒரு விழுக்காடு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து. ஆனால் இந்த ஒதுக்கீட்டைத் தரும் அதே 34ஆம் பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. தகுதியானவர் கிடைக்காவிட்டால் பணியிடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். அப்போதும் கிடைக்காவிட்டால் மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களிலும் யாரும் இல்லையென்றால் மாற்றுத்திறனாளி அல்லாதவர்களுக்கும் கொடுத்துவிடலாம். தேர்வு முறை அந்த முகாமில் நான் பார்த்ததுபோல இருந்தால், தகுதியானவர் என்றைக்குமே கிடைக்க மாட்டார். தனியார் துறையிலும் பணியாளர்களில் குறைந்தது 5 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க ஊக்கச் சலுகை தர வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு. அதைப் பற்றி அந்த முகாமில் யாரும் வாய் திறக்கவில்லை.

ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள் என்று கட்டடங்களுக்கு நீல விளக்குப் போடுகிறோம். அந்த அக்கறையை ஆளெடுப்பில் காட்டச் சொல்கிறேன். ஆட்டிசம் உள்ள விண்ணப்பதாரருக்கு நேர்காணலுக்குப் பதில், அந்த வேலையையே அமைதியான அறையில் செய்து காட்ட வாய்ப்பளிக்க வேண்டும். கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். நிராகரித்தால் காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். அந்த ஒரு விழுக்காட்டில் எத்தனை இடங்கள் நிரம்பின, எத்தனை தள்ளிப்போடப்பட்டன, எத்தனை பிறருக்குப் போயின என்பதை ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் வெளியிட மாற்றுத்திறனாளிகள் நலத்துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி